ஊர் கூடிய மண்டபம்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



'அம்பலம்' என்னும் சொல் குமரி மாவட்டத்தில் இருபொருள் தந்து நிற்கிறது. மலையாள வழக்கில் அது கோயிலைக் குறிக்கும். தமிழ் வழக்கில் அது பலர் கூடும் பொதுவிடம். கல்குளத்திலும் விளவங்கோட்டிலும் இவ்விரு வழக்கும் ஒரே தெருவில், சில வீடுகளில் ஒரே திண்ணையில், காதில் விழும். ஒரு செய்தி எல்லாருக்கும் தெரிந்துவிட்டால் அது 'அம்பலமாகிவிட்டது' என்கிறார்கள். பலர் அறியும் இடம் எதுவோ அதுவே அம்பலம் என்னும் பழம்பொருள் அப்பேச்சில் இன்னும் தங்கியிருக்கிறது. 'ஏழை சொல் அம்பலம் ஏறாது' என்ற பழமொழியும் உண்டு. அப்பழமொழியை இவ்வுரை முடியும்வரை நினைவில் வைத்திருக்க வேண்டுமென்று அவையோரைக் கேட்டுக்கொண்டு பொருளுக்குள் நுழையலாம்.

ஊர் கூடும் இடத்திற்குத் தமிழில் பெயர்கள் பல. மன்றம், பொதியில், அம்பலம், அவை, சாவடி என அவை நீளும். பண்டை நாளின் மன்றம் பெரும்பாலும் கட்டடமன்று. மரத்தடியே மன்றமாக இருந்தது. பிற்காலச் சபைகளும் குளக்கரையிலும் புளியமரத்தடியிலும் கூடியதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. இளங்கோவடிகள் புகார் நகரில் ஐந்து மன்றங்களை வைத்தார்: வெள்ளிடை மன்றம், இலஞ்சி மன்றம், நெடுங்கல் நின்ற மன்றம், பூத சதுக்கம், பாவை மன்றம். களவு செய்தோனை வெளிப்படுத்துவது ஒன்று. பொய்ச்சான்று உரைப்போரைப் பூதம் புடைத்துண்ணும் இடம் ஒன்று. இவற்றுள் பாவை மன்றமே நினைவை விட்டு அகலாதது. அரசனின் கோல் கோடினாலும், அறங்கூறு அவையத்தார் ஒருபக்கம் சாய்ந்தாலும், அங்கு நிற்கும் பாவை வாய் திறந்து பேசாது. கண்ணீர் மட்டும் உகுக்கும். பொதுவிடம் என்பது ஆட்சி செய்வோரைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு கண் என்ற எண்ணத்தை இதைவிடச் சுருக்கமாக எவரும் சொன்னதாகத் தெரியவில்லை.

ஏறத்தாழ அதே எண்ணத்தைக் கல்லிலும் செங்கல்லிலும் கட்டிப் பார்த்தவர்கள் வட, நடு இத்தாலிய நகரத்தார். 12, 13ஆம் நூற்றாண்டுகளில் அங்கே மிலான், பாதுவா, சியெனா, புளோரன்ஸ் போன்ற நகரங்கள் பேரரசனுக்கும் ஆயருக்கும் அடங்காமல் தம்மைத் தாமே ஆளத் தொடங்கின. தொடக்கத்தில் நகரத்தார் தேவாலய முற்றத்தில்தான் கூடினர். கூட்டம் பெருகவும், வழக்குகள் குவியவும், தனியிடம் வேண்டியதாயிற்று. அப்படி எழுந்த கட்டடங்களுக்கு ஓர் அடையாளம் உண்டு. கீழ்த்தளம் முழுதும் வளைவுகள் தாங்கிய திறந்தவெளி, அங்கே சந்தை. மேல்தளத்தில் ஒரே பெருங்கூடம்; அங்கே அவையும் வழக்குமன்றமும். மிலானில் 1228க்கும் 1233க்கும் இடையே எழுந்தது இத்தகையதே. கீரை விற்பவளின் கூவலைக் கேட்டுக்கொண்டே மேலே வரி விதித்தார்கள் என்றால் அது வேடிக்கைப் பேச்சன்று. கட்டட அமைப்பே அப்படி.

இவ்வகையில் தலைசிறந்தது பாதுவா நகரத்து நீதி மாளிகை. 1218-19இல் கட்டப்பெற்றது. 1306இல் பிரா ஜொவான்னி என்னும் துறவி அதற்குக் கவிழ்த்த கப்பல் போன்ற மரக்கூரையை அமைத்தார். மேல்கூடம் ஏறத்தாழ 80 மீட்டர் நீளமும் 27 மீட்டர் அகலமும் உடையது. நடுவே ஒரு தூண்கூட இல்லை. அக்கூடத்திற்கு ஏறும் நான்கு படிவழிகளுக்கும் அடியில் விற்ற பண்டங்களின் பெயரையே வைத்தார்கள்: பறவைப் படி, திராட்சை மதுப் படி, கீரைப் படி, இரும்புப் படி. உள்ளே ஒரு கருங்கல் கிடக்கிறது. அதற்கு 'இழிவுக் கல்' என்று பெயர். கடன் தீர்க்க இயலாதவன் மேலாடை களைந்து, பலர் காண மூன்று முறை அக்கல்லில் அமர்ந்து, தன் உடைமைகளைக் கைவிடுவதாகச் சொல்லிவிட்டு ஊரைவிட்டு நீங்க வேண்டும். சிறையைக் காட்டிலும் மெல்லிய தண்டனை என்று அக்காலத்தார் கருதினர். புகாரின் வெள்ளிடை மன்றத்தை அறிந்தவர்களுக்கு இக்கல் அயலாகத் தோன்றாது. இரண்டிடத்திலும் தண்டனையின் பெரும்பகுதி அம்பலமாவதுதான்.

சியெனாவில் 1297இல் நகர மாளிகையைக் கட்டத் தொடங்கினர். அந்நகரை ஆண்டவர் ஒன்பதின்மர். இரண்டு திங்களுக்கு ஒருமுறை ஒன்பதின்மரும் மாறிவிடுவர். அவர்கள் அமர்ந்த அறையின் சுவர்களில் 1338-39இல் அம்புரோஜோ லொரென்செத்தி நல்லாட்சியையும் கொடுங்கோலையும் எதிரெதிராகத் தீட்டினார். நல்லாட்சிச் சுவரில் செருப்புக் கடையும், பாடம் கேட்கும் பிள்ளைகளும், வீடு கட்டும் கொத்தரும், கதிரறுக்கும் உழவரும் இருக்கிறார்கள். எதிர்ச்சுவரில் கொம்பு முளைத்த கொடுங்கோலன் வீற்றிருக்க, அவன் காலடியில் நீதி கட்டுண்டு கிடக்கிறாள். கையொப்பமிட நிமிரும்போதெல்லாம் ஆட்சியாளர் கண்ணில் இவை பட வேண்டுமென்பதே கருத்து. பாவை மன்றத்துப் பாவையைச் சுவரில் ஏற்றிவைத்தார்கள் எனலாம்.

புளோரன்சின் அரண்மனை 1299இல் தொடங்கியது. தோற்ற கட்சியைச் சேர்ந்த உபெர்த்தி குடும்பத்தின் வீடுகளை இடித்த இடத்தில் மறுபடியும் வீடு எழக்கூடாதென்று அதைத் திறந்தவெளியாக்கி, அதன் ஓரத்தில் அரண்மனையை எழுப்பினர். பகையும் பொதுமையும் அங்கே ஒரே முற்றத்தைப் பங்கிட்டுக்கொண்டன. அக்கட்டடம் எழுந்துகொண்டிருந்த 1300ஆம் ஆண்டில், ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை இரண்டு திங்கள், நகரின் ஆட்சிக் குழுவில் இருந்தவர்களுள் ஒருவர் தாந்தே. கவிஞர்கள் நிறைந்த இவ்வவையில் இதைச் சொல்லாமல் கடப்பது முறையன்று. அந்த இரண்டு திங்களுக்குப் பின் அவர் பட்ட பாடு உலகறிந்தது. 1302இல் எதிர்க்கட்சியார் அவரை நாடுகடத்தினர். திரும்பி ஊர் மிதியாமலே 1321இல் இரவென்னாவில் இறந்தார்.

இத்தாலியரின் இந்த ஏற்பாடுகளை வியப்பவர்கள், அவற்றுக்கு மூன்று, நான்கு நூற்றாண்டு முந்திய ஒரு மண்டபத்தைக் காஞ்சிபுரம் மாவட்டத்தில் காணலாம். உத்தரமேரூரில் இன்று வைகுந்தப் பெருமாள் கோயிலாக விளங்கும் கட்டடத்தின் சுவரில் முதற் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த, அதாவது 919, 921ஆம் ஆண்டுகளின் இரண்டு கல்வெட்டுகள் உள்ளன. அம்மண்டபமே அவ்வூர்ச் சபை கூடிய இடம். சட்டம் எந்த மண்டபத்தில் செயற்பட வேண்டுமோ அந்த மண்டபத்தின் சுவரிலேயே அதை வெட்டிவைத்தார்கள் என்பது தனிச்சிறப்பு. ஓலையில் எழுதி ஒருவர் வீட்டுப் பெட்டியில் வைத்திருந்தால் அது அந்த வீட்டுக்காரரின் சட்டமாகியிருக்கும்.

முதற் கல்வெட்டு வகுத்த முறையில் குறை கண்டதனால்தான் இரண்டே ஆண்டில் இரண்டாவது எழுந்தது. வயது வரம்பு முன்னதில் முப்பது முதல் அறுபது. பின்னதில் முப்பத்தைந்து முதல் எழுபது. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், தன் மனையில் கட்டிய வீடும், மறைக்கல்வியும் உடையவரே தகுதியுடையோர். கல்வி மிகுந்தவர்க்கு அரைக்கால் வேலி நிலமே போதும். கடந்த மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் கூடாது. அவர் மட்டுமன்று, அவருடைய சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், உடன்பிறந்தார், மாமனார், மைத்துனர், மருமகன், தகப்பன், மகன் என எவரும் கூடாது. உறவுமுறை இலக்கணம் படிப்பது போன்றிருக்கும் அப்பகுதி. கல்வெட்டை எழுதியவர்கள் மனிதரை நன்கு அறிந்தவர்கள். கணக்கை விழுங்கியவன் தான் வராமல் மைத்துனனை அனுப்புவான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

குடவோலை எடுத்த முறை ஒரு நாடகக் காட்சிபோல் அதில் விரிகிறது. இளையோரும் முதியோருமாகச் சபை முழுதும் கூடியிருக்கும். ஊரிலுள்ள கோயில் நம்பிமார் ஒருவரும் விடுபடாமல் உள்மண்டபத்தில் அமர்ந்திருப்பர். அவர்களுள் மூத்தவர் குடத்தை எல்லாரும் காணத் தூக்கிப் பிடிப்பார். குடும்பு வாரியாகக் கட்டிய ஓலைக் கட்டுகளுள் ஒன்றை, உள்ளிருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் எடுப்பான். அக்கட்டை வேறொரு குடத்திலிட்டுக் குலைத்து, அதிலிருந்து ஓர் ஓலையை அவனே எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரிய நீட்டிய உள்ளங்கையில் அதை வாங்க வேண்டும். பின் அவர் வாசிப்பார். உள்ளிருக்கும் நம்பிமார் எல்லாரும் வாசிப்பர். அதன் பின்னரே பெயர் எழுதப்படும். இவ்வாறு முப்பது பெயர். அவற்றிலிருந்து சம்வத்சர வாரியத்திற்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்திற்குப் பன்னிருவர், ஏரி வாரியத்திற்கு அறுவர். பஞ்சவார வாரியத்திற்கும் பொன் வாரியத்திற்கும் அறுவர் அறுவராக வேறு தேர்ந்தெடுத்தனர். பதவிக் காலம் 360 நாள். இடையில் குற்றம் கண்டால் அப்போதே நீக்கம்.

விரித்த ஐந்து விரல்களைப் பற்றி எத்தனை பேசினாலும் தகும். கைக்குள் வேறோர் ஓலையை ஒளித்து மாற்றிவிட இடமில்லை என்பதே அதன் பொருள். ஐயப்பாட்டை ஒரு சடங்காக்கி, அச்சடங்கை ஊரார் முன் நிகழ்த்தி, அதன்பின் நம்பிக்கையை உண்டாக்கினார்கள்.

இதே சிறுவன் வெனிசு நகரத்திலும் வருகிறான். 1268இல் அந்நகரத்தார் தம் தலைவரைத் தேர்ந்தெடுக்கச் சீட்டும் வாக்கும் மாறி மாறி வரும் ஒரு சுற்றுமுறையை வகுத்தனர். அதற்கென அவை உறுப்பினர் ஒருவர் வெளியே சென்று, முதலில் எதிர்ப்படும் சிறுவனை அழைத்து வருவார். சீட்டுருண்டைகளை எடுப்பவன் அவன். புளோரன்சில் 1328 முதல் தகுதியுடையோர் பெயர்களைப் பைகளில் இட்டுக் குலுக்கினர். வரிப்பாக்கி வைத்தவன் பெயர் வந்தால் சீட்டைக் கிழித்துவிடுவர். அண்மையில் பதவி வகித்தவனின் உறவினன் பெயர் வந்தாலும் தள்ளிவிடுவர். உத்தரமேரூரை அவர்கள் அறிந்திருக்க வழியில்லை. சோழநாட்டுச் சிற்றூரும் இத்தாலிய நகரும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே ஐயத்திற்கு ஒரே விடையைக் கண்டன. யார் யாரிடமிருந்து கற்றார் என்று தேடுவோர் ஏமாறுவர். மனிதர் கூடிப் பொதுப்பணத்தைக் கையாளும் இடத்திலெல்லாம் அதே மைத்துனன் வந்து நிற்பான்.

தென்பாண்டி நாட்டில் இதற்கும் முற்பட்ட சான்று உண்டு. திருநெல்வேலிக்கு வடக்கே மானூரில், பாண்டியன் மாறஞ்சடையனின் 35ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 800ஐ ஒட்டிய காலத்தில், அவ்வூர்ச் சபை தனக்கு விதி வகுத்துக்கொண்டது. சபையில் பேச வருவோருக்குரிய கல்வியையும் ஒழுக்கத்தையும் கூறிவிட்டு ஒரு விதியைச் சேர்த்தது. எந்தத் தீர்மானம் வந்தாலும் 'அன்று அன்று' என்று மறுத்துக் காரியத்தைக் குலைப்பவனுக்கும் அவனுக்குத் துணை நிற்பவனுக்கும் ஐந்து காசு தண்டம். எதிர்ப்பையே தடுத்தார்கள் என்று சிலர் இதைக் குறை கூறுவர். காரணம் சொல்லி மறுப்பது வேறு, மறுப்பதையே தொழிலாகக் கொள்வது வேறு என்று கொள்ளவும் இடமுண்டு. எதுவாயினும் அப்படிப்பட்ட ஒருவர் மானூரில் இருந்திருக்கிறார். பன்னிரண்டு நூற்றாண்டுக்குப் பின்னும் அவர் குரல் அக்கல்லில் கேட்கிறது.

இனிக் குமரிப் பகுதிக்கு வரலாம். 866ஆம் ஆண்டில் ஆய்மன்னன் கோக்கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் கோயிலும் தொண்ணூற்றைந்து மாணவர் தங்கிக் கற்கும் சாலையும் அமைத்தான். மண்டைக்காட்டிலிருந்து மேற்கே செல்வோர் முஞ்சிறையருகே அவ்வூரைக் காணலாம். அந்நிலத்தை அவன் எடுத்துக்கொள்ளவில்லை. முஞ்சிறைச் சபையாரிடம் மாற்று நிலம் கொடுத்துப் பெற்றான் என்று செப்பேடு சொல்கிறது. அரசனும் ஊரவையிடம் கேட்டுப் பெறவேண்டியிருந்த காலம் அது.

சுசீந்திரத்திலும் வலிமை மிக்க சபை ஒன்று இருந்தது. சோழர் காலத்தில் அவ்வூர் சுந்தரசோழச் சதுர்வேதிமங்கலம் என்று வழங்கியது. அச்சபையின் எழுச்சியையும் தளர்ச்சியையும் டாக்டர் கே.கே. பிள்ளை 1953இல் வெளிவந்த தம் ஆய்வுநூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். சபை ஒடுங்கிய பின் நாஞ்சில்நாட்டில் ஓங்கி ஒலித்தது நாட்டார் கூட்டம். பன்னிரண்டு பிடாகைகளாகப் பகுக்கப்பட்ட நாட்டின் வேளாண் குடியினர் அதில் கூடினர். அவர்களுக்கென நிலையான மாளிகை எதுவும் இருந்ததில்லை. ஒரு சமயம் ஓர் ஊர், மறு சமயம் வேறோர் ஊர். கூடும் இடத்தில் ஓலை எழுதப்படும். 18ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அவர்கள், வழக்கத்திலில்லாத வரியைக் கட்டுவதில்லை என்றும், ஓர் ஊருக்கு வந்த கேட்டை எல்லா ஊரும் சேர்ந்து தாங்குவதென்றும் உறுதி செய்தனர். அழகியபாண்டிபுரத்துப் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தில் இருந்த ஓலைகள் வழியே அந்நாட்டின் பழைய நடப்புகள் பல வெளிப்பட்டன. அவற்றைத் தேடிப் படியெடுத்தவர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. மென்மையான பாட்டுக்குப் பெயர் பெற்ற கவிஞர் வரிமறுப்பு நடந்த நாட்டின் ஓலைகளோடு ஆண்டுக்கணக்கில் உழைத்தார் என்பது கவிஞர்கள் மனங்கொள்ளத் தக்கது.

மார்த்தாண்டவர்மர் 1729இல் அரசேற்றபின் அதிகாரம் ஓரிடத்தில் குவிந்தது. நாட்டார் குரல் தேய்ந்தது. அந்தப் புதிய காலத்தின் கட்டடத்தைப் பத்மநாபபுரம் அரண்மனையில் காணலாம். மாடியில் உள்ள மந்திரசாலை அழகிய அறை. நிறம்பூசிய அபிரகத் தகடுகள் வழியே ஒளி வரும். கரிய தரை கண்ணாடி போல் மின்னும். ஆனால் அது அரசன் அமைச்சரோடு தனித்துப் பேசிய இடம். கீழே சந்தை இல்லை; ஏறி வர நான்கு படியும் இல்லை. 1799இல் மண்டைக்காட்டுக்கு அருகிலுள்ள தலக்குளத்தைச் சேர்ந்த வேலுத்தம்பி வரிக்கொடுமைக்கு எதிராக மக்களைத் திரட்டித் திருவனந்தபுரம் சென்றபோது, அரண்மனை வாயிலுக்கு வெளியே நின்றுதான் பேசவேண்டியிருந்தது.

இதுவரை சொன்னவற்றைக் கேட்டு மகிழ்ந்தவர்கள் பழமொழியை மறந்திருந்தால் இப்போது நினைவுகூரலாம். 2020இல் புதிய நாடாளுமன்றக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டிய விழாவில்கூட உத்தரமேரூர் பேசப்பட்டது. மேடைகளில் அப்பெயர் வந்தவுடன் கைதட்டல் எழுகிறது. ஆனால் அது பிராமணர் குடியிருந்த சதுர்வேதிமங்கலம். நிலமும் மனையும் மறையும் உடைய ஆடவருக்கே குடத்தில் ஓலை உண்டு. ஏரி வாரியம் காத்த ஏரியில் மண் வெட்டியவனுக்கும், அந்நீரில் நாற்று நட்டவளுக்கும் ஓலை இல்லை. நாஞ்சில்நாட்டார் கூட்டமும் நிலமுடையோர் கூட்டமே. இத்தாலியரும் வேறல்லர். சியெனா ஓவியத்தில் அமைதியும் நீதியும் பெண்களாக வீற்றிருக்கிறார்கள். அவ்வறையின் இருக்கைகளில் ஒரு பெண்ணும் அமர்ந்ததில்லை. புகாரில் அழுததும் ஒரு பாவைதான். புளோரன்சில் 1378 ஜூலையில், தொழிற்சங்கம் அமைக்க உரிமையற்றிருந்த கம்பளித் தொழிலாளர் நகர அரண்மனைக்குள் புகுந்தனர். கம்பளி சிக்கெடுக்கும் தொழிலிலிருந்து வந்த மிக்கேலே தி லாந்தோ நகரின் கொடியேந்தும் தலைவரானார். அக்கிளர்ச்சியின் வெற்றி சில வாரங்களே நிலைத்தது.

குமரியில் இக்கதை மேலும் கசப்பானது. ஊரவை கூடியது கோயில் மண்டபத்தில் என்றால், கோயிலுக்குள் நுழையத் தடையுள்ளவனுக்கு அவையும் இல்லை என்றாகிறது. சுசீந்திரத்தில் 1926இலும் 1930இலும் நடந்த சத்தியாக்கிரகம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காக. மண்டபத்திற்கு முன் தெரு. தெருவிலேயே நிறுத்தப்பட்டவன் மண்டபத்தை எப்போது எட்டுவான்? 1936 நவம்பர் 12ஆம் நாள் ஆலயப் பிரவேச அறிவிப்பு வந்தபின்னரே அவ்வாயில் திறந்தது.

அதற்கு முன்பே வேறொரு கட்டடத்தின் வாயில் திறந்தது. குமரிப் பகுதி 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரையும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியையும் சார்ந்திருந்தது. திருவிதாங்கூர் மக்களின் குறை கேட்கவென 1904இல் ஸ்ரீமூலம் பிரஜா சபை தொடங்கியது. அது கூடியது திருவனந்தபுரத்தில் 1896இல் எழுந்த விக்டோரியா ஜூபிலி டவுன்ஹாலில். ஐரோப்பிய நகர மன்றங்களின் வழிவந்த கட்டடம் அது. தெய்வம் குடியில்லாத மண்டபம். 1912இல் அம்மண்டபத்தில் எழுந்து நின்று, புலையர் சமூகத்திற்கு நிலமும் பிள்ளைகளுக்குப் பள்ளியும் வேண்டுமென்று பேசினார் அய்யன்காளி. பொதுச்சாலையில் வில்வண்டி ஓட்டியதற்காகத் தாக்கப்பட்டவர் அவர். தாமே எழுதப் படிக்க அறியாதவர். அவர் சொல் அம்பலம் ஏறியது. 2019இல் அம்மண்டபத்திற்கு அவர் பெயரையே சூட்டினர்.

மண்டைக்காடு பழைய கணக்கில் நாஞ்சில்நாட்டின் எல்லைக்குப் புறத்தே, இரணியலைச் சார்ந்த கடலோர ஊர். நாட்டார் ஓலைகளில் இடம்பெற்ற ஊரன்று. இங்கே மக்களைக் கூட்டியது புற்றிலிருந்து எழுந்த பகவதி. மாசிக் கொடைக்குக் கூடும் கூட்டம் எந்த இத்தாலிய முற்றமும் கொள்ளாதது. அக்கொடைக் காலத்தில், 1982 மார்ச்சில், கடற்கரையாரும் உள்நாட்டாரும் மோதிக்கொண்டதும், துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போனதும், குன்றக்குடி அடிகளார் வந்து இருபுறத்தாரிடமும் நடந்து அமைதிப்பணி ஆற்றியதும் இவ்வவையில் மூத்தோர் பலர் கண்ணால் கண்டவை. அன்று கோயில் முற்றம் ஒரு தரப்பினருக்கும், தேவாலய முற்றம் மறுதரப்பினருக்கும் உரியனவாயின. இரு தரப்பினரும் எவர் வீட்டிற்கும் விருந்தாளியாகாமல், எவர் தெய்வத்தின் முன்னும் நிற்காமல், சமமாக உட்காரத்தக்க மூன்றாவது கூரை ஒன்று தேவையாயிருந்தது.

இன்றைய சட்டத்தில் கிராம சபை உண்டு; 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் அதற்கு இடம் தந்தது. நிலம், மறை, ஆண் என்ற வேலிகள் அதில் இல்லை. வாக்காளர் எவரும் எழுந்து பேசலாம். ஆனால் அது ஊராட்சிகளுக்கே உரியது, மண்டைக்காடோ பேரூராட்சி. இவ்விலக்கிய வட்டம் பத்தாண்டுகளாக ஒவ்வொரு கூட்டத்திற்கும் நாற்காலிகளை வட்டமாகப் போடுகிறது. கவிதை படிப்பவர் எழுந்து நிற்கிறார். மறுப்பவர் உட்கார்ந்தபடியே 'அன்று' என்கிறார். மானூரார் விதித்த ஐந்து காசு இங்கு இன்னும் எவரிடமும் வாங்கப்படவில்லை.